த்ரீ நாட் த்ரீ மேல இன்னும் என்ன பயம்?

டிஸ்கி 1: இது விஜய் நடிச்ச 'துப்பாக்கி' பட விமர்சனம் இல்லை. அதைத் தேடி வந்தவங்க அப்படியே யு-டர்ன் அடிச்சுடுங்க.

டிஸ்கி 2: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி நிறைய இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க.

போன வாரம் நண்பர் ஒருத்தர், ரொம்ப நல்லா எழுதக்கூடிய பதிவர், ஒரு பதிவு போட்டிருந்தார். நாட்டுல தனியார் கையில இருக்கற துப்பாக்கி லைசென்ஸ் அத்தனையையும் ரத்து பண்ணணுமாம், துப்பாக்கியை எல்லாம் உருக்கி கலப்பை செய்யணுமாம். பின்னூட்டத்துல ஆளாளுக்கு ஆஹா, ஓஹோ, பின்னிட்டீங்க தல. நானும் ஒரு பின்னூட்டம் போடலாம்னு உட்கார்ந்தேன். அது ரெண்டு பக்கத்துக்கு மேல போனதும், சரி, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில எதுக்கு இவ்வளவு சத்தம், நம்ம வீட்டுலயே பேசிக்கலாம்னு இங்க வந்துட்டேன்.

நண்பர் மேல கோபம் எல்லாம் இல்லை. துப்பாக்கின்னா அவருக்குத் தெரிஞ்சது சினிமா துப்பாக்கியும் அமெரிக்கப் பள்ளிக்கூடச் செய்தியும்தான். எனக்குத் தெரிஞ்ச துப்பாக்கி வேற. அது எங்க பெரியப்பா வீட்டு மச்சுல, பழைய வேட்டியில சுத்தி, இரும்புப் பொட்டிக்குள்ள கிடந்த துப்பாக்கி.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நமக்கு ஊர் கே.ஜி.கண்டிகை. திருத்தணியிலேர்ந்து சோளிங்கர் போற பஸ்ல ஏறினா வரும். கரும்பு, வேர்க்கடலை, மழை நல்லா இருந்தா நெல்லு. இந்தப் பக்கம் எல்லாம் 1960 ஏப்ரல் வரைக்கும் சித்தூர் மாவட்டம். ம.பொ.சி. போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிஞ்சுதான் நாம தமிழ்நாட்டுக்கு வந்தோம். எங்க தாத்தா வச்சிருந்தது கரிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. அதோட லைசென்ஸ் தாள்ல சித்தூர் முத்திரைதான் இருந்ததுன்னு பெரியப்பா சொல்லுவார். பெரியப்பா காலத்துல அது போய் ஒரு ரைபிள் வந்தது. .315 ஸ்போர்ட்டிங் ரைபிள், இஷாப்பூர் தொழிற்சாலை தயாரிப்பு. லைசென்ஸ்ல காரணம் 'பயிர்ப் பாதுகாப்பு'. கடலைக்காட்டுல பன்னி விழுந்தா ஒரு ராத்திரியில ஒரு வருஷக் கூலி போயிடும். பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. பன்னியைச் சுட முடியாது. பெரியப்பாவும் சுட்டதில்லை. ராத்திரி வரப்புல நின்னு வானத்தைப் பாத்து ஒரு வெடி, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு பன்னி ஆந்திரா பக்கம் ஓடிடும். (பன்னிக்கு ஏரியா பிரச்சினை கிடையாது. லைசென்ஸ் தாள்ல 'தமிழ்நாடு'ன்னு எழுதியிருந்ததால பெரியப்பாவுக்கு உண்டு. நகரி பக்கம் இருக்கற சொந்தக்காரர் நிலத்துக்கு அந்தத் துப்பாக்கி கடைசி வரைக்கும் போனதே இல்லை.)

நான் காலேஜ்ல என்.சி.சி. டிரில் பண்ண எங்களுக்குக் கொடுத்தது பழைய .303. தோள்ல வச்சு நின்னா நாலு கிலோ. ஒரு மணி நேரத்துல கை மரத்துப் போகும். சுடக் கொடுத்தது .22. ஒரு லீவுக்கு ஊருக்கு வந்தப்போ பெரியப்பா பொட்டியைத் திறந்து எண்ணெய் போட்டுட்டு இருந்தார். போல்ட்டைக் கழட்டி என் கையில கொடுத்தார். அட, இது நம்ம என்.சி.சி. துப்பாக்கி ஆச்சேன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். அதே போல்ட் கைப்பிடி, அதே சேஃப்டி, அதே லொடக்னு பின்னாடி வந்து சடக்னு முன்னாடி போற ஓட்டம். கட்டையை மட்டும் முன்னாடி பாதியில வெட்டியிருந்தது. பத்து ரவுண்டு பொட்டிக்குப் பதிலா அஞ்சு ரவுண்டு.

"இது .303 தானே பெரியப்பா?"

"இல்ல நைனா. .303 வச்சிருந்தா உள்ள தூக்கிப் போட்டுடுவான். இது அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

அந்த ஒண்ணுவிட்ட தம்பி எங்கேர்ந்து வந்தான்னு தேட ஆரம்பிச்சவன்தான் நான். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நிறுத்தலை. நண்பர் பதிவுக்கு என் பதிலும் அதுலதான் இருக்கு.

1857லேர்ந்து ஆரம்பிக்கணும். கொழுப்பு தடவின தோட்டாக் கதை எல்லாருக்கும் தெரியும், பள்ளிக்கூடத்துல படிச்சது. அந்தக் கலகத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரன் என்ன செஞ்சான்ங்கறதைப் பாடத்துல சொல்றதில்லை. இந்தியச் சிப்பாய்க்குன்னே தனியா ஒரு துப்பாக்கி செஞ்சான். பாக்க அதே என்ஃபீல்டு. ஆனா குழலுக்குள்ள புரிவரி கிடையாது, வழவழன்னு கடைஞ்சு எடுத்தாச்சு. வரி இல்லாத குழல்ல குண்டு தூரம் போகாது, குறியும் நிக்காது. அதாவது வெள்ளைச் சிப்பாய்க்கு ரைபிள், கறுப்புச் சிப்பாய்க்கு ரைபிள் மாதிரி ஒண்ணு. சம்பளம் கொடுத்து, சீருடை மாட்டி, தனக்காக சாகறதுக்கு அனுப்பற ஆள் மேலயே அவ்வளவு நம்பிக்கை!

1878ல லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம். வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் வேண்டாம், நமக்கு வேணும். 1895ல லீ-என்ஃபீல்டு .303 வந்தது. 1904ல இஷாப்பூர்ல ரைபிள் தொழிற்சாலை. 1919ல ஜாலியன்வாலா பாக்ல 1650 ரவுண்டு சுட்டதும் இந்த .303தான். அது அரசாங்கத்தோட துப்பாக்கி, அரசாங்கத்தோட தோட்டா. அந்தத் தோட்டா திருட்டுப் போய் ஜனங்க கைக்கு வந்தாலும், அதைப் போட்டுச் சுட ஒரு துப்பாக்கி வெளியில இருக்கவே கூடாது. சட்டத்தோட மொத்தக் கவலையும் அதுதான். மார்ட்டினி-ஹென்றி காலத்து .450 தோட்டாவுக்கும் இதே பயத்துல தடை வந்தது. யானை வேட்டைக்கு வர்ற துரைமார்களுக்காக லண்டன் கம்பெனிகள் .470ன்னு புது அளவு கண்டுபிடிக்க வேண்டியதாப் போச்சு.

போலீசுக்கும் ஜெயில் காவலுக்கும் கொடுத்த துப்பாக்கியைக் கேளுங்க. இஷாப்பூர்ல .303 லீ-என்ஃபீல்டை எடுத்து, குழலைப் பெருசாக் குடைஞ்சு, .410 மஸ்கட்னு மாத்தினான். ஒரு தடவைக்கு ஒரே ரவுண்டு. பட்டாளத்து .303 தோட்டாவை அதுல போட்டுச் சுட முடியாது. தன் போலீஸ்காரனையும் நம்பலை.

இங்க இருக்கற துரைமார்களும் ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் வேட்டைக்கு என்ன செய்யறது? .303 வேணும், ஆனா .303ஆ இருக்கக் கூடாது. அதுக்கு பிஎஸ்ஏ மாதிரி இங்கிலாந்து கம்பெனிகள் ஒரு வழி செஞ்சாங்க. லீ-என்ஃபீல்டோட உடம்பை அப்படியே எடுத்துக்கிட்டு, வேற ஒரு தோட்டாவுக்குக் குழல் போட்டாங்க. அந்தத் தோட்டாதான் .315. அது எங்கேர்ந்து வந்ததுன்னு நினைக்கறீங்க? ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தோட 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா! ஒரு சாம்ராஜ்யத்தோட ராணுவத் தோட்டா இன்னொரு சாம்ராஜ்யத்துல 'விளையாட்டுத் தோட்டா' ஆயிடுச்சு. பெயர்ல இருக்கற ஸ்போர்ட்டிங் அவ்வளவுதான்.

பயத்துல பொறந்த துப்பாக்கி அது. பன்னிக்கோ புலிக்கோ பொருத்தம் பாத்துச் செஞ்சதில்லை. நம்ம மேல இருந்த பயத்துக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை.

சரி, வெள்ளைக்காரன் பயந்தான், நியாயம். அவன் போய் 75 வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப யார் யாரைப் பாத்து பயப்படறாங்க?

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்துல, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வச்சுக்கற உரிமையும் குடிமக்களோட அடிப்படை உரிமைகள்ல ஒண்ணா இருந்தது. அந்த மாநாட்டுல காந்தி இருந்தார். 1918லயே கெடா ஜில்லாவுல ஆளெடுப்பு துண்டுப் பிரசுரத்துல ஆயுதச் சட்டத்தைக் கடுமையாத் திட்டினவர் அவர். 1948 டிசம்பர்ல அரசியல் நிர்ணய சபையில எச்.வி.காமத் இதே உரிமையைச் சேர்க்கச் சொல்லி திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்துட்டார். கொள்ளைக்காரனுக்கும் ஜேப்படிக்காரனுக்கும் சேர்த்து அந்த உரிமையைக் கொடுக்க முடியுமான்னு கேட்டார். எனக்கு அதுல அம்பேத்கர் பக்கம்தான் நியாயம்னு படுது. இதை இங்கயே சொல்லிடறேன், அப்புறம் என்னை அமெரிக்கக்காரன்னு முத்திரை குத்தாதீங்க. அடிப்படை உரிமை வேண்டாம். லைசென்ஸ் இருக்கட்டும், கடுமையாவே இருக்கட்டும். என் சண்டை வேற.

1959ல புது ஆயுதச் சட்டம் போட்டோம். 1962ல விதிகள். அதுல தடை செய்யப்பட்ட வகைன்னு ஒரு பட்டியல். மெஷின் கன் இருக்கு, சரி. அதுக்குப் பின்னாடியே என்ன இருக்குன்னா .303 போல்ட் ஆக்ஷன் ரைபிள், .303 தோட்டாவைச் சுடக்கூடிய எந்தத் துப்பாக்கியும், .410 மஸ்கட்டும். வெள்ளைக்காரன் பயத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, மேல சிங்க முத்திரை குத்திட்டோம். 2016ல விதிகளை மொத்தமா மாத்தி எழுதினாங்களே, அப்பவும் .303 அந்தப் பட்டியல்லதான் இருந்தது.

இதுல இருக்கற கூத்தைப் பாருங்க. .30-06ன்னு ஒரு அளவு. அமெரிக்க ராணுவம் 1906ல எடுத்துக்கிட்ட தோட்டா, ரெண்டு உலகப் போர்லயும் அவங்க சுட்டது. .303 மார்க் 7 தோட்டா வினாடிக்கு சுமார் 2440 அடி வேகம். .30-06 அதைவிட வேகம், அதைவிட பலம். ஆனா அது நம்ம ராணுவத் தோட்டா இல்லையே! அதனால தடை இல்லாத வகை. நம்ம அரசுத் தொழிற்சாலையே .30-06 ஸ்போர்ட்டிங் ரைபிள் செஞ்சு வித்தது. பலமானதுக்கு மாவட்டத்துலயே லைசென்ஸ், அதைவிடக் குறைஞ்சதுக்கு டெல்லி உள்துறை அமைச்சகம் வரைக்கும் போகணும். இதுல பாதுகாப்பு எங்க இருக்கு?

.303 தோட்டாதான் அபாயம்னு வச்சுக்குவோம். 1990களின் நடுவுல ஜம்மு பக்கம் தோடா மாவட்டத்துல கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் அமைச்சப்போ, கிராமத்து ஜனங்க கையில அரசாங்கம் கொடுத்தது எதை? அதே .303. காலேஜ் பையன் தோள்ல கொடுத்து டிரில் பண்ணச் சொன்னது எதை? அதே .303. அரசாங்கத்துக்குத் தேவைன்னா ஜனங்களை நம்பலாம். ஜனங்களுக்குத் தேவைன்னா நம்ப முடியாது.

எனக்கு வயிறு எரியறது இங்கதான். யார் நம்மளைப் பாத்து பயந்து இந்தத் தடையைப் போட்டானோ, அந்த வெள்ளைக்காரன் ஊர்ல .303 லீ-என்ஃபீல்டு வச்சுக்கலாம். ஹங்கர்ஃபோர்டு 1987, டன்பிளேன் 1996ன்னு ரெண்டு கொடூரம் பாத்த நாடு. முதலாவதுக்கு அப்புறம் தானா லோடாகிற பெரிய ரைபிளைத் தடை பண்ணினாங்க, ரெண்டாவதுக்கு அப்புறம் கைத்துப்பாக்கியை. போல்ட் ஆக்ஷனை விட்டுட்டாங்க. போலீஸ் சான்றிதழ் வாங்கணும், காரணம் காட்டணும், பூட்டின அலமாரி வேணும். அது இருந்தா பிஸ்லி மைதானத்துல தாத்தா காலத்து .303ஐ வச்சு வாராவாரம் குறி சுடலாம். ஆஸ்திரேலியாவும் அப்படித்தான். 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்கு அப்புறம் உலகமே பாராட்டற அளவுக்குக் கடுமையான சட்டம் போட்டாங்க. அந்தச் சட்டத்துலயும் போல்ட் ஆக்ஷன் ரைபிள் லைசென்ஸோட வச்சுக்கற வகைதான். ஏன்னா ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால இழுத்துத் தள்ளணும். பன்னிக்கும் இலக்குப் பலகைக்கும் அது போதும், கூட்டத்தைக் கொல்றவனுக்கு அது தோதுப்படாது. அவங்க பாத்தது துப்பாக்கி எப்படி வேலை செய்யுதுன்னு, அதை வச்சிருக்கறவன் யாருன்னு. நாம பாக்கறது துளை அளவு.

இப்ப 'ஸ்போர்ட்டரைஸ்' மேட்டருக்கு வர்றேன். வெளிநாட்டுல இது பெரிய பொழுதுபோக்கு. உலகப் போர் முடிஞ்சு ராணுவங்கள் பழைய போல்ட் ஆக்ஷன் ரைபிளை எல்லாம் உபரின்னு தள்ளி விட்டாங்க. ஜெர்மன் மவுசர், அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு, நம்ம லீ-என்ஃபீல்டு. வாங்கினவன் வீட்டு ஷெட்ல வச்சு முன்பக்கக் கட்டையை அறுப்பான், பயனெட் மாட்டற காதைக் கழட்டுவான், குழலைக் கொஞ்சம் குட்டையாக்குவான், பட்டாளத்துக் குறியை எடுத்துட்டு ஸ்கோப் மாட்டுவான். வேட்டைத் துப்பாக்கி ரெடி. குறைஞ்ச கூலிக்காரனுக்கும் மான் வேட்டைக்கு ஒரு ரைபிள் கிடைச்சது இப்படித்தான். (இதோட இருட்டுப் பக்கமும் இருக்கு. 1963ல கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டு கையில இருந்தது தபால்ல வாங்கின இத்தாலிய உபரி ரைபிள். ஸ்கோப்போட சேர்த்து 20 டாலர் கூட இல்லை. தபால் வியாபாரத்தை 1968 சட்டத்துல நிறுத்தினாங்க. நிறுத்த வேண்டியதுதான்.)

இப்ப அங்க இருக்கற சேகரிப்பாளர்கள் இப்படி அறுத்தவங்களைத் திட்டித் தீர்க்கறாங்க. சரித்திரத்தை ரம்பம் போட்டு அறுத்துட்டாங்களாம். நியாயமான வருத்தம்தான், நானும் ஒரு முழுக் கட்டை லீ-என்ஃபீல்டு பாத்தா நின்னு ரசிக்கற ஆள்தான். ஆனா ஒண்ணு. அறுத்தது உயிரோட இருக்கு. 1962 சீனப் போருக்கு அப்புறம் நம்ம இஷாப்பூர்ல, அதே லீ-என்ஃபீல்டு வடிவத்துல, நேட்டோவோட 7.62 தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1ன்னு ரைபிள் செஞ்சாங்க. போல்ட் ஆக்ஷன்ல நம்ம ஆளுங்க செஞ்ச நல்ல வேலை. எஸ்.எல்.ஆர். வந்ததும் அதுவும் உபரி. அதுல நிறைய கப்பலேறி அமெரிக்கா போச்சு. இன்னைக்கும் அங்க ஒரு விவசாயி வீட்டுல, இஷாப்பூர் முத்திரையோட, எண்ணெய் போட்டு, பளபளன்னு இருக்கும். வங்காளத்துத் தொழிலாளி செஞ்ச துப்பாக்கியை டெக்சாஸ்காரன் வச்சுக்கலாம், திருத்தணிக்காரன் வச்சுக்கக் கூடாது.

இங்க என்ன நடக்குது? 2008ல மும்பை வி.டி. ஸ்டேஷன்ல ஏ.கே.47க்கு எதிரா நம்ம ரயில்வே போலீஸ்காரங்க .303 வச்சுக்கிட்டு நின்னாங்க. 2020 குடியரசு தினத்தன்னிக்கு உத்தரப் பிரதேச போலீஸ் .303க்கு விடை கொடுத்தது. போலீசுக்கு இது காலாவதியான ஆயுதம், வேலைக்கு ஆகாது, சரி. ஆனா காலாவதியான அந்த .303ல ஒண்ணு கூட ஒரு லைசென்ஸ்காரன் கைக்கு வராது. ஏன்னா சட்டப்படி அது மகா அபாய ஆயுதம். போலீஸ் கையில இருந்தா பழைய இரும்பு, குடிமகன் கையில வந்தா அணுகுண்டு!

"தோட்டா போலீஸ் கிட்டங்கியிலேர்ந்து திருட்டுப் போச்சுன்னா?" நல்ல கேள்வி. 2008 பிப்ரவரியில ஒடிசா நயாகட்ல மாவோயிஸ்டுகள் போலீஸ் ஆயுதக் கிடங்கையே அள்ளிட்டுப் போனாங்க. தோட்டாவை எடுத்தவன் துப்பாக்கியையும் சேர்த்துத்தான் எடுத்தான். கடலைக்காட்டுல இருக்கற பெரியப்பா துப்பாக்கிக்காக அவன் காத்துக்கிட்டு இருக்கலை.

இப்ப எனக்கே வலிக்கற ஒரு விஷயம். நண்பர் இதை எழுதலை, எழுதியிருந்தா நான் கொஞ்சம் திணறியிருப்பேன். உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம் போலீஸ் பிடிக்கற நாட்டுக் கைத்துப்பாக்கி, கட்டான்னு சொல்வாங்களே, அது பெரும்பாலும் எந்தத் தோட்டாவுக்குச் செஞ்சது தெரியுமா? 12 போர், இல்லைன்னா .315. ஏன்னா அந்தத் தோட்டாதான் லைசென்ஸ் கடையில கிடைக்குது, அங்கேர்ந்து பின்வாசல் வழியா கசியுது. ஜனங்களுக்குக் கொடுத்தா அபாயம் இல்லைன்னு அளவெடுத்துக் கொடுத்த அதே .315தான் இன்னிக்கு ரவுடியோட தோட்டா. நாட்டுலயே அதிக லைசென்ஸ் இருக்கற மாநிலமும் அதுதான். கல்யாண ஊர்வலத்துல வானத்தைப் பாத்துச் சுட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரனையே கொன்ன கதை எல்லாம் அங்க உண்டு. 2019 திருத்தத்துல அதுக்குத் தனியா தண்டனை போட்டாங்க, நல்லது. அந்தக் கலாச்சாரம் எனக்கு வேண்டாம், திருத்தணிக்கு வேண்டவே வேண்டாம். ஆனா அதுலேர்ந்து தெரியறது என்ன? துளை அளவைத் தடை பண்ணி ஒரு மண்ணும் ஆகலை. எந்த அளவைக் கடையில வித்தாலும் கள்ளன் அதுக்குத் துப்பாக்கி செஞ்சுக்குவான். தடுக்க வேண்டிய இடம் தோட்டாக் கணக்கு.

துப்பாக்கியே இல்லாட்டி நிம்மதின்னு நண்பர் சொல்றார். எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்க. துப்பாக்கி போன இடத்துல என்ன வந்தது? கரண்ட் வேலி. அவுட்டுக்காய். 2023 மார்ச்சுல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் வேலியில வச்ச கள்ளக் கரண்ட்ல ஒரே நேரத்துல மூணு யானை செத்துச்சு. பன்னிக்கு வச்ச கம்பியில காலை வச்சு செத்த மனுஷங்க செய்தியும் வருஷா வருஷம் வருது. கம்பிக்கு லைசென்ஸ் வேண்டாம், அவுட்டுக்காய்க்கு வரிசை எண் கிடையாது, யார் வச்சான்னு தெரியாது. துப்பாக்கிக்கு எல்லாம் உண்டு. கேரளாவுல 2022ல பஞ்சாயத்துத் தலைவருக்கு அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் இருக்கறவங்க பட்டியல் வச்சு, பயிரை அழிக்கிற பன்னியைச் சுட அனுமதிச்சாங்க. நம்ம ஊர்ல 2025 ஜனவரியில அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள எதுவும் செய்யக்கூடாது, மூணு கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், அதுக்கு அப்பால வனத்துறை சுடலாம். வனத்துறைக்காரர் மட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு கடலைக்காட்டுல பன்னி வந்தா போன் பண்ணி, அவர் வண்டி எடுத்து, வந்து சேர்ந்து... பன்னி அதுவரைக்கும் வெயிட் பண்ணுமா சாமி?

பெரியப்பா பத்தி இன்னொண்ணு சொல்லணும், இது லைசென்ஸ்காரங்களுக்கே பிடிக்காது. முப்பது வருஷத்துக்கு மேல அந்த ரைபிளை வச்சிருந்த மனுஷன், ஒரு பலகையை நட்டு, நிதானமா குறி பாத்து, ஒரு ரவுண்டு கூட பழகினதில்லை. லைசென்ஸ்ல வாங்கற தோட்டாவுக்குக் கணக்கு. சுட்டுப் பழக இடமும் கிடையாது. அவருக்குக் குறி தெரியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், அவருக்கும் தெரியும். துப்பாக்கி வச்சிருக்கலாம், சுடத் தெரிய வேண்டாம்னு சொல்ற சட்டம் யாருக்குப் பாதுகாப்பு? 2016 விதிகள்ல பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. தாள்ல இருக்கு. நான் கேக்கறது அதைவிடக் கடுமையானது. வருஷத்துக்கு ஒரு தடவை கிளப்புக்கு வா, 50 மீட்டர்ல சுட்டுக் காட்டு, தேறலைன்னா லைசென்ஸ் கிடையாதுன்னு சொல்லுங்க. என்னைக் கேட்டா லைசென்ஸ்ல பாதி பேரு தேற மாட்டான். போகட்டும், நல்லதுதான்.

தேசிய ரைபிள் சங்கத்தை 1951ல ஆரம்பிச்சவர் மாவலங்கர், லோக்சபாவோட முதல் சபாநாயகர். குஜராத்காரர், காந்தியோட ஆள். அவருக்கு ரைபிள் விளையாட்டுல ஒரு அசிங்கமும் தெரியலை. நமக்குத்தான் தெரியுது.

.303 தடையை எடுக்கச் சொல்லி நான் கேக்கலை. அது நடக்காது. .303 வேண்டாம்னா குழலை மாத்துங்க! என்.சி.சி.யில நாங்க சுட்ட .22 இருக்கே, அது என்ன? லீ-என்ஃபீல்டு உடம்புல .22 குழல் போட்டது. வெள்ளைக்காரன் .410 ஆக்கினான், நம்ம அரசாங்கம் .22 ஆக்குச்சு, 7.62 தோட்டாவுக்கே திருப்பிச் செஞ்சுச்சு. இஷாப்பூர் 2021லேர்ந்து அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யுப்மென்ட் இந்தியான்னு ஒரு கம்பெனிக்குக் கீழ வந்தாச்சு, நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் அதுக்குக் கீழதான். ஓய்வு பெற்ற .303 உடம்பை எடுத்து, குழலை மாத்தி, கட்டையை வெட்டி, வரிசை எண் போட்டு, பழகித் தேறினவனுக்கு கிளப் மூலமா கொடுங்க. அமெரிக்காவுல பழைய கரான்ட் ரைபிளை இப்படித்தான் சட்டப்படி அமைச்ச ஒரு நிறுவனம் மூலமா கிளப்காரங்களுக்குக் கொடுக்கறாங்க. புதுசா ஒரு துப்பாக்கி கூட செய்ய வேண்டாம்.

அதுவும் வேண்டாம், எல்லாத்தையும் உருக்கணும்னா, நண்பர் சொல்ற கலப்பைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எங்க பெரியப்பாதை மட்டும் கடைசியா உருக்குங்க.

பெரியப்பா 2019ல போயிட்டார். சட்டப்படி துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒரு இடத்துல ஒப்படைச்சாச்சு. எந்த இடம்னு சொல்லலை, அண்ணனுக்கு இன்னும் அங்க காரியம் ஆகணும். பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், வாரிசு லைசென்சுக்கு எழுதிப் போட்டான். விதியில போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அப்புறம் முடிவு பண்ண 60 நாள்னு இருக்கு. அண்ணன் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கான். ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் குறையுது. ஒருத்தர் கேட்டாராம், "துப்பாக்கி வாங்கிட்டு இன்னா பண்ணப் போற? பன்னியைத்தான் சுட முடியாதே?" அண்ணன் கிட்ட பதில் இல்லை. "அப்பாவோடதுங்க"ன்னு மட்டும் சொல்லியிருக்கான்.

போன ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போனப்போ நானும் கூடப் போனேன். பாக்க மட்டும் அனுமதிச்சாங்க. மூலையில, அடையாளச் சீட்டு கட்டி, வரிசையா சாத்தியிருந்த துப்பாக்கிகள்ல நாலாவது. குழல் நுனியில செம்மண் நிறத்துல துரு. போல்ட்டைத் தூக்கிப் பாத்தேன், பாதி வழியில நின்னுடுச்சு. கையோட ஒரு சின்ன புட்டி எண்ணெய் கொண்டு போயிருந்தேன். தொடக் கூடாதுன்னுட்டார். சரிதான், விதி அப்படி. புட்டியை அங்கேயே மேசை மேல வச்சுட்டு, "நீங்களாவது போட்டு விடுங்க சார்"னு சொல்லிட்டு வந்தேன்.

அடுத்த மாசம் 12ஆம் தேதி அண்ணனை வரச் சொல்லியிருக்காங்க. போயிட்டு வந்து என்ன ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்றேன்.